அரை நாள் கடற்கரைச் சுற்று: காரை நெல்லையில் பிடிப்பதா, திருச்செந்தூரில் பிடிப்பதா, பஸ்ஸிலேயே போய்விடுவதா?

போன வைகாசியில் சித்தி மகள் தன் வீட்டுக்காரரோடு மொரீஷியஸ் போய்விட்டு வந்தாள். வந்த மறுநாளே பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து, போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினாள். அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே ஒரு காலைப் பொழுதைப் பற்றித்தான். அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு கார், ஒரு டிரைவர். தீவின் தெற்குக் கரையோரமாக அரை நாள் சுற்று. சூயாக் என்ற ஊர்ப் பக்கம் கிரி கிரி என்று ஓர் இடமாம். அந்தத் தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பவளப்பாறை வேலி போட்டதுபோல நிற்கிறது. அதனால் பல கரைகளில் கடல் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். கிரி கிரியில் அந்த வேலி இல்லை. அலை நேராக வந்து கறுத்த எரிமலைப் பாறையில் மோதுகிறது. எரிமலைக் குழம்பு கொட்டிக் குளிர்ந்து உண்டான தீவு என்பதால் கரையெல்லாம் கறுப்பு. அந்த ஊர் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருப்பதையும் படம் எடுத்து வந்திருந்தாள்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "ஏட்டி, நம்ம கரையில இப்படி ஒரு அரை நாள் சுத்திட்டு வர முடியாதா? பொறந்ததுல இருந்து திருச்செந்தூருக்குப் போறோம். கோயிலத் தவிர வேற என்னத்தப் பாத்தோம்?"

அம்மா கேட்டது சரிதான். திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர், மிஞ்சினால் உவரி, அப்புறம் கன்னியாகுமரி. இடையில் இருக்கும் கரையை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறோம். இந்தச் சில வருடங்களில் நான் அந்தக் கரையை நான்கு விதமாகப் போய்ப் பார்த்துவிட்டேன். நெல்லையிலிருந்து வாடகைக் காரில், ரயிலில் போய் திருச்செந்தூரில் கார் பிடித்து, அரசு பஸ்ஸில், தம்பியின் பைக்கில். விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் "எது நல்லது?" என்று கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் தூரக் கணக்கு. இதைச் சரியாகப் போடாமல் கிளம்புவதால்தான் பாதிப் பேருடைய பயணம் கெட்டுப்போகிறது. மொரீஷியஸ் நீளவாக்கில் சுமார் 65 கிலோமீட்டர், அகலவாக்கில் சுமார் 45. தீவுக்குள் எங்கே தங்கினாலும் கடற்கரை கைக்கெட்டும் தூரம்தான். அங்கே அரை நாள் என்றால் அந்த அரை நாளும் கரையிலேயே கழியும். நமக்கு அப்படி இல்லை. நெல்லை ஜங்ஷனிலிருந்து திருச்செந்தூர் கடலைத் தொடவே அறுபது கிலோமீட்டர் பக்கம் போக வேண்டும். அங்கிருந்து குலசை என்று நாங்கள் சொல்லும் குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை வழியாக உவரி. உவரியிலிருந்து திசையன்விளை வழியாகத் திரும்பவும் நெல்லை. ஒரு வட்டம் அடித்தால் ஏறக்குறைய 170 கிலோமீட்டர் ஆகும். ஊர் ஊராக வேகத்தடை, ஆடு மாடு, பள்ளிக்கூடம் விடும் நேரம். நிற்காமல் ஓட்டினாலும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. ஆறு மணி நேரத்தை அரை நாள் என்று எடுத்துக்கொண்டால், இறங்கிப் பார்க்க மிஞ்சுவது இரண்டே மணி நேரம்.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் முதல் தடவை நான் ஏமாந்தேன்.

நெல்லையில் கார் பிடித்துப் போனது

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்போதே ஆரம்பித்துவிட்டது. வீட்டு வாசலில் ஏறி வீட்டு வாசலில் இறங்கினால் நல்லது என்று நினைத்து, ஒரு டிராவல்ஸில் போனில் பேசினேன். "அரை நாள்தானே, எல்லாம் காட்டிரலாம்" என்றார்கள். திருச்செந்தூர், குலசை, மணப்பாடு, உவரி, கூடங்குளம், இடிந்தகரை என்று ஆறு இடம் எழுதிக்கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான்.

நடந்தது வேறு. டிரைவர் தம்பி நல்ல பையன், ஆனால் மதியம் இரண்டு மணிக்கு அவருக்கு வேறொரு சவாரி எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம்தான் நின்றோம். மணப்பாட்டுக் குன்றில் நான் ஏறிப் பாதியில் நிற்கும்போதே கீழிருந்து ஹாரன் சத்தம். அம்மா காரை விட்டு இறங்கியது இரண்டே இடத்தில். கூடங்குளத்தில் பார்க்க என்ன இருக்கிறது? தூரத்தில் அணுமின் நிலையத்தின் குவிமாடங்கள் தெரியும். உள்ளே விட மாட்டார்கள், படம் எடுக்கவும் கூடாது. அதற்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையில் போனது. வீட்டுக்குத் திரும்பியபோது அம்மாவின் கால் வீங்கியிருந்தது. பார்த்த இடங்களின் பெயரை வரிசையாகச் சொல்ல முடிந்ததே தவிர, ஓர் இடத்தையும் மனதில் கொண்டுவர முடியவில்லை. எனக்கு அது நாள் கணக்கில் வருத்தமாக இருந்தது.

காசு விஷயத்திலும் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். அரை நாள் வாடகை என்று வண்டிக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் ஊருக்குள் ஓடும் கணக்கு. இத்தனை மணி நேரம், இத்தனை கிலோமீட்டர் என்று கட்டு இருக்கும், தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஏறும். வெளியூர் என்றால் பலர் குறைந்தபட்சக் கிலோமீட்டர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 250 என்பார்கள், 300 என்பார்கள். கணக்குக்காகக் கிலோமீட்டருக்கு 14 ரூபாய், குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 170 கிலோமீட்டர்தான் ஓடியிருப்பீர்கள். அதற்கு 2,380 ரூபாய்தான் ஆகும். ஆனால் கொடுக்க வேண்டியது 3,500. அதன் மேல் டிரைவர் பேட்டா தனி. அதாவது அரை நாளுக்கு எடுத்தாலும் முழு நாள் காசுதான்.

அப்படியென்றால் நெல்லையில் கார் பிடிப்பதே தவறா? இல்லை. நடக்கவே முடியாத பெரியவர் இருக்கிறார், ரயில் நிலையத்துப் படி ஏற முடியாது, அல்லது கைக்குழந்தை இருக்கிறது என்றால் அதுதான் வழி. ஆனால் அரை நாள் என்று பேசாமல் முழு நாள் என்றே பேசுங்கள். காசு எப்படியும் அதற்குத்தான் போகிறது.

ரயிலில் போய் திருச்செந்தூரில் கார் பிடிப்பது

அடுத்த வருடம் நான் செய்தது இது. இப்போதும் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதை 1923இல் திறந்தது; நூறு வருடம் தாண்டிவிட்டது. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று போகும். தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் நெல்லும் இரண்டு பக்கமும் வந்துகொண்டே இருக்கும். நாசரேத் தாண்டியதும் மெல்ல மெல்லப் பனையும் உடை மரமும் ஆகும். ஒன்றரை மணி நேரப் பயணம், டிக்கெட் விலை மிகக் குறைவு. அம்மா ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து வந்தாள். காரில் அறுபது கிலோமீட்டர் மடங்கி உட்கார்ந்து வருவதும் இதுவும் ஒன்றல்ல. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் எளிது. செந்தூர் எக்ஸ்பிரஸ் நேராகத் திருச்செந்தூருக்கே போகிறது, நெல்லையில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

இறங்கியதும் கார். திருச்செந்தூரிலிருந்து உவரி, மணப்பாடு, தேரிக்காடு என்கிற செம்மணல் மேடுகள் சுற்றி மறுபடி திருச்செந்தூர் வர நூறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஐந்து மணி நேரத்தில் பாதிக்கு மேல் இறங்கி நிற்கவே கிடைக்கிறது. வாடகையும் அந்த நூறு கிலோமீட்டருக்குத்தான். ரயிலடியிலும் கோயில் வாசலிலும் கார் நிற்கும். ஆனால் கூட்ட நாளில் அங்கே பேரம் பேசுவது கஷ்டம். ஒருநாள் முன்னதாகப் போன் செய்து பேசிவைப்பது நல்லது. நாங்கள் வைத்துக்கொண்ட அண்ணாச்சி அந்தக் கரைக்காரர். அவருக்கு எந்தத் தெருவில் நிழல் இருக்கிறது, எந்த ஊரில் மதியம் மூன்று மணிக்கும் மீன் குழம்பு கிடைக்கும், எந்த வழியில் காரைக் கடல் பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினால் அம்மா இறங்காமலே அலையைப் பார்க்கலாம் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. நெல்லையிலிருந்து வரும் டிரைவருக்கு இது தெரியாது. தனிக் காருக்குக் கொடுக்கும் காசில் பாதி இந்த விவரத்துக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதில் ஒரே சிக்கல், திருச்செந்தூர் வரை போய்விட்டு முருகனைப் பார்க்காமல் வர நம் ஆட்களுக்கு மனசு வராது. கோயிலுக்குள் போனால் அரை நாள் போச்சு. 2025 ஜூலை 7ஆம் தேதி கும்பாபிஷேகம் முடிந்ததிலிருந்து கூட்டம் இன்னும் கூடத்தான் செய்கிறது. அதனால் இரண்டையும் ஒரே அரை நாளில் போட்டுக் குழப்ப வேண்டாம். சாமி கும்பிடுவது என்றால் முதல் நாள் சாயங்காலமே போய்த் தங்கி விடியக்காலையில் கும்பிட்டுவிடுங்கள். முடியாது என்றால் மேற்கு வாசலில் ஒன்பது நிலைக் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அம்மா அப்படித்தான் செய்தாள். "முருகன் கோவிச்சுக்க மாட்டான், அவன் கடலைத்தானே பாக்கப் போறோம்" என்றாள்.

பஸ், பைக், வேன்

பஸ்ஸைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பஸ்கள் குலசை, உவரி, கூடங்குளம் எல்லாவற்றையும் தொட்டுப் போகின்றன. நகரப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே இல்லை. நானும் என் தோழியும் அப்படி ஒரு தடவை போனோம். கருவாட்டுக் கூடையும் பனங்கிழங்குக் கட்டுமாக ஏறும் பெண்களோடு பேசிக்கொண்டு போனதில் தெரிந்துகொண்டது அதிகம். எந்த மீன் எந்தக் காற்றில் கிடைக்கும், கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை ஏன் படகு இறங்காது, ஓலைப் பெட்டி முடைவதற்குக் குருத்தோலையை எப்போது வெட்ட வேண்டும் என்றெல்லாம் அவர்கள்தான் சொன்னார்கள்.

ஆனால் பஸ்ஸில் போனால் அரை நாளில் இரண்டு இடம்தான். மணப்பாட்டுக்கு விலக்கில் இறங்கினால் ஊருக்குள் வெயிலில் நடக்க வேண்டும். ஊருக்குள் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் அதுவே முக்கால் மணி நேரம். தேரிக்காட்டைப் பஸ்ஸில் போய்ப் பார்ப்பது இன்னும் சிரமம். இரண்டு பேர், நல்ல கால், நேரம் பற்றிக் கவலை இல்லை என்றால் பஸ்தான் அருமை. பெரியவர்களோடு வேண்டாம்.

பைக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மார்கழி, தை மாதத்துக் காலையில் சுகம். வைகாசி முதல் ஆவணி வரை வேண்டவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இந்தக் கரையில் பைக்கையே சாய்க்கும்; தேரி மணல் முகத்தில் ஊசி மாதிரி குத்தும், சாலையில் மணல் படிந்து சக்கரம் வழுக்கும்.

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் வேன். மொட்டை போட, காது குத்த எப்படியும் வேன் பிடித்துத் திருச்செந்தூர் போகிற குடும்பங்கள், புளியோதரையைக் கட்டிக்கொண்டு அதே வேனில் மணப்பாடு வரை போய்வந்தால் தலைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கி ஒரே நேரத்தில் ஏறும் வேனை நான் இதுவரை பார்த்ததில்லை. ஓர் இடத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

காலையா, மாலையா

இது கார் எங்கே பிடிப்பது என்பதைவிடப் பெரிய முடிவு என்றுகூடச் சொல்வேன்.

நம் கரை கிழக்கையும் தென்கிழக்கையும் பார்த்தது. விடியலில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழுந்து வரும். படகுகள் திரும்பும் நேரமும் காலைதான். உவரியிலோ பெரியதாழையிலோ மீன் ஏலம் விடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் காலையில் போனால்தான் உண்டு. சாளை, அயலை, நெத்திலி, ஊளி, சீலா என்று மணலில் குவித்து வைத்து ஏலம் கூறுவார்கள்; கூறும் வேகத்தில் பாதி நமக்குப் புரியாது. ஆனால் எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் சூரியன் கடல் பக்கத்திலிருந்து நேராகக் கண்ணில் அடிக்கும். பத்தரைக்கு மணலில் கால் வைக்க முடியாது. ரயிலில் போய் இறங்கி ஒன்பது மணிக்குக் காரில் ஏறினால் காலையின் நல்ல பாகம் போயிருக்கும். காலைதான் வேண்டும் என்றால் முதல் நாளே போய்த் திருச்செந்தூரில் தங்க வேண்டும்.

மாலை அப்படி இல்லை. வெயில் நம் முதுகுப் பக்கம் போய்விடும். கடல் மேல் வெளிச்சம் சரிந்து விழும்போது நீலம் தெளிவாகத் தெரியும். நாங்கள் போனது மாலையில். இரண்டு மணிக்குத் திருச்செந்தூரில் கிளம்பி, தூரமான உவரிக்கு முதலில் போய்விட்டோம். மூன்றரை வரை அங்கே. நாலேகாலுக்கு மணப்பாடு, ஒரு மணி நேரம். அங்கிருந்து தேரிக்காட்டுக்கு ஐந்தே முக்காலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். ஏழு மணிக்குள் திருச்செந்தூர். தூரமானதை முதலில் முடித்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் மற்றதைப் பார்ப்பது அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த முறை. கடைசி இடத்தில் தாமதமானாலும் ஊர் பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியம் இருக்கும்.

மூன்றே இடம்

அரை நாளுக்கு மூன்று இடம் போதும். எந்த மூன்று என்பதில் உங்களுக்கு வேறு விருப்பம் இருக்கலாம். என் தேர்வு உவரி, மணப்பாடு, தேரி.

உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயிலில் நேர்ச்சைக்காரர்கள் ஓலைப்பெட்டியில் கடல் மண் எடுத்துத் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்டுவதைப் பார்க்கலாம். சற்றுத் தள்ளி அந்தோணியார் கோயில், கப்பல் வடிவத்தில் கட்டிய கப்பல் மாதா ஆலயம். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் கூட்டம் அதிகம். அமைதி வேண்டும் என்றால் அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

மணப்பாட்டுக்குத்தான் ஒரு மணி நேரம் முழுசாகக் கொடுக்க வேண்டும். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணற்குன்று, அதன் மேல் திருச்சிலுவை ஆலயம். 1581இல் கட்டியது. செப்டம்பர் 14 திருவிழா. முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இந்தக் கரைக்கு 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை குன்றின் கடலோரச் சரிவில் இருக்கிறது. குகைக்குள் ஒரு சின்னக் கிணறு. கடல் அத்தனை பக்கத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிப்பதில்லை. திருச்செந்தூர் நாழிக்கிணறும் இதே போலத்தான். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. அளவோடு இறைக்கும் வரை நல்ல தண்ணீர் வரும், மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறிவிடும். இதை அண்ணாச்சி சொன்னபோது அம்மா அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குன்றின் மேலிருந்து ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் மணல் திட்டுக்குள் ஒதுங்கிய கழி. ஒன்று கொந்தளிக்கும்போது இன்னொன்று அசையாமல் கிடக்கும். சித்தி மகள் காட்டிய படங்களில் பவளப்பாறை வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் பார்த்தது இதுதானே என்று எனக்குத் தோன்றியது. அங்கே பவளம் தடுக்கிறது, இங்கே மணல். ஊருக்குள் பழைய காலத்து வீடுகள், பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிற பெண்கள். வாங்குவது என்றால் அங்கேயே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பேரம் பேச மனசு வராது.

அப்புறம் தேரி. மொரீஷியஸின் கறுப்புக்கு நம்மிடம் பதில் இருக்கிறது என்றால் அது இந்தச் சிவப்புதான். குதிரைமொழி, காயாமொழி, தேரிக்குடியிருப்பு, உடன்குடி பக்கமெல்லாம் செக்கச்செவேல் என்று மணல் மேடுகள். நெருப்பு கக்கிய மண் என்று சிலர் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன், அது சரியில்லை. நம் கரையில் எரிமலை எதுவும் இல்லை. காற்று ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கொண்டுவந்து குவித்த மணல் இது. மணலோடு கலந்திருக்கும் இரும்புச் சத்துள்ள கனிமங்கள் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்து ஒவ்வொரு பருக்கையிலும் சிவப்புப் பூச்சாகப் படிந்திருக்கிறது. ஆதி மனிதர்கள் செய்த சின்னச் சின்னக் கல் கருவிகள் இந்தத் தேரிகளில் கிடைத்திருக்கின்றன. உலகமெங்கும் தொல்லியல்காரர்களுக்கு இந்த இடம் தெரியும், நமக்குத்தான் தெரிவதில்லை. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் இந்த மணலுக்கு நடுவே வற்றாத சுனை ஒன்று இருக்கிறது. சாயங்கால வெயிலில் அந்த மேடுகளின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் மாலைப் பயணம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தேரிக்குப் போகும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதநீர் இறங்கும் மாதங்களில் போனால் புதுக் கருப்பட்டி கிடைக்கும். சில்லுக் கருப்பட்டி வாங்கினால் சுக்கு, மிளகு போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். சீனி கலந்த கருப்பட்டியும் விற்பனையில் உண்டு. தெரிந்த கடையில் வாங்க வேண்டும். உள்ளூர் டிரைவர் இருந்தால் இதற்கும் உதவி.

குலசேகரன்பட்டினத்தை நான் விட்டுவிட்டதில் சிலருக்குக் கோபம் வரலாம். முத்தாரம்மன் கோயிலுக்குத் தசராவில் போக வேண்டும். வேஷம் கட்டிய கூட்டத்தோடு போவதற்கு அரை நாள் கணக்கெல்லாம் சரிப்படாது. இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ஆம் தேதி அங்கே அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றிப் போக வேண்டும். இங்கிருந்து நேராகத் திறந்த கடல். சின்ன ராக்கெட்டுகளுக்கு அந்தச் சுற்று மிச்சமாவது பெரிய லாபம். வேலை முடிந்து முதல் ராக்கெட் ஏறும் அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். இப்போதைக்குப் போகிற வழியில் பார்த்துக்கொண்டு போவதோடு சரி.

கன்னியாகுமரியையும் இதே அரை நாளில் சேர்க்கச் சொல்வார்கள். வேண்டாம். திருச்செந்தூரிலிருந்து ஒரு வழிக்கே 90 கிலோமீட்டர் பக்கம்.

பேசும்போது கேட்க வேண்டியவை

எந்த ஊரில் பிடித்தாலும் மஞ்சள் போர்டு வண்டிதானா என்று கேட்டுவிடுங்கள். சொந்தக்காரர் கார், தெரிந்தவர் கார் என்று வெள்ளைப் போர்டு வண்டியை வாடகைக்கு அனுப்புவார்கள். விலை குறையும். ஆனால் வாடகைக்கு ஓட்ட அதற்கு அனுமதி இல்லை; ஏதாவது ஆகிவிட்டால் காப்பீடு கிடைப்பது சிக்கலாகும். பெரியவர்களை ஏற்றிப் போகும்போது அந்த இருநூறு முந்நூறு ரூபாயைப் பார்க்கக் கூடாது.

அடுத்து, மணிக்கணக்கா கிலோமீட்டர் கணக்கா என்பதை ஒன்றாக முடிவுசெய்துவிட்டு ஏறுங்கள். நின்று பார்க்கும் பயணத்துக்கு மணிக்கணக்குப் பேச வேண்டும். கிலோமீட்டர் கணக்கு பேசினால் டிரைவருக்கு நிற்பதில் லாபமில்லை, அவசரப்படுத்துவார். அது அவருடைய குற்றமும் இல்லை. பேட்டா, நிறுத்தக் கட்டணம், ஏ.சி. எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். அன்றைக்கு அதற்குப் பின்னால் வேறு சவாரி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இதை நான் கேட்கத் தவறியதால்தான் மணப்பாட்டுக் குன்றில் பாதியில் இறங்கினேன். டிரைவர் சாப்பிட நேரம் விடுங்கள். நம்மோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று கடலில் இறங்குவது. சித்திரை, வைகாசி மாதங்களில் சில நாள் வானம் தெளிந்திருக்கும், காற்று இருக்காது, கடல் அமைதியாகத்தான் தெரியும். திடீரென்று பெரிய அலை ஏறி வந்து கரையில் நிற்பவரை இழுத்துக்கொண்டு போய்விடும். கள்ளக்கடல் என்று கரைக்காரர்கள் சொல்வது இதைத்தான். எங்கோ தென்கோடிப் பெருங்கடலில் எழும் புயலின் அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது, அதனால் இங்கே எந்த அறிகுறியும் தெரியாது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படித்தான் போனார்கள். எச்சரிக்கை அறிவிப்பு வந்திருக்கிறதா என்று காலையிலேயே செய்தி பாருங்கள். மீனவர் ஒருவர் "இறங்காதீங்க" என்று சொன்னால் காரணம் கேட்காமல் ஏறிவிடுங்கள்.

பொங்கல் விடுமுறைக்குச் சித்தி மகள் மறுபடி வருகிறாள், இந்தத் தடவை அவள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு. நாங்கள் ஐந்து பேர். அண்ணாச்சியிடம் மணிக்கணக்காகவே பேசிவிட்டேன். அன்றைக்கு வேறு சவாரி எடுக்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். மதியம் ஒன்றேமுக்காலுக்குத் திருச்செந்தூர் ரயிலடியில் நிற்பார். முன் இருக்கை அம்மாவுக்கு.